எல்லோரும் எழுந்து நிற்க

அந்தக் கை. அதற்குப் பிறகு ஒரு சொல் இருக்கிறது. பெரிய சொல்லுமில்லை, சட்டப் புத்தகத்துச் சொல்லுமில்லை, பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். உங்களுடையது. அந்தக் கை உங்களுடையது. இதோ, தனியாகக் கேட்டால் வருகிறது, ஜெர்மனில் வருகிறது, தமிழில் வருகிறது, கேட்டால் பாட்டாகவும் பாடிக் காட்டுவேன். மேலேயிருந்து வசனத்தை ஓட்டிக்கொண்டு வந்தால்தான் சனியன் அந்த இடத்தில் நிற்கிறது, வண்டில் மாடு பழகின வீட்டுப் படலை வாசலில் நிற்பதுபோல. அடித்தாலும் நகராது. நேற்று எடுத்த ஒவ்வொரு டேக்கிலும் அங்கேயே நின்றது. மண்டபம் நிறைய ஆட்கள், வக்கீல்கள், பொலிஸ்காரர், பின்வரிசை வாங்குகளில் செத்தவர்களின் உறவினராக உட்கார்ந்திருந்த துணை நடிகர்கள், எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க நான் கறுப்பு அங்கியும் கழுத்தில் வெள்ளைப் பட்டியுமாகக் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தேன். இயக்குநர் ஹென்ரிக்க நல்ல பிள்ளை, ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டாள், அதுதான் இன்னும் மோசம். மாலையில் பக்கத்தில் வந்து குந்தியிருந்து மெதுவாகச் சொன்னாள், காதுக்குள் ஒரு சின்னக் கருவி வைக்கலாம், வசனத்தை ஒருவர் வாசித்துக்கொண்டே வருவார், இப்போது எல்லோரும் செய்கிறார்கள். வேண்டாம் என்றேன். அப்படியானால் வசனத்தில் கதவு வருகிற இடத்திலிருந்து ஃபாபியான் சொல்லட்டுமா, பக்கத்து நீதிபதிதானே, அவருக்கும் பொருந்தும். ஃபாபியான் என் வலப்பக்கத்துக் கதிரையில் இருக்கிற பையன், முப்பது வயதும் இராது, மரியாதையானவன். என் வசனம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். நான் நின்றபோதெல்லாம் அவனுடைய உதடு அந்தச் சொல்லை உருட்டியதைக் கண்டேன். உதவத்தான் செய்தான். ஆனாலும் என் இலையில் போட்ட சோற்றை இன்னொருவன் பிசைவதுபோல எனக்கு வயிறு எரிந்தது. நாளைக்கு ஒருமுறை என்றேன். சரி, நாளைக்கு ஒருமுறை என்றாள். அந்த நாளை இன்றாகிவிட்டது, மேக்கப் கதிரையில் இருக்கிறேன், கழுத்தைச் சுற்றித் துவாய், குட்ரூன் என் புருவத்தில் நரைமயிரை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

கண்ணாடிக்குள் இருக்கிற மனிதர் டாக்டர் ஹார்ட்முட் பிரென்னர். மாநில நீதிமன்றத் தலைமை நீதிபதி. கதை முழுவதும் தேடிப் பார்த்துவிட்டேன், இந்த மனிதரை யாரும் ஓரிடத்திலும் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கவில்லை. மாமிசம் சாப்பிடுவீர்களா என்று கேட்கவில்லை. உங்கள் மொழியில் ஒரு வசனம் பேசிக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. இவர் பிரென்னர், இவருக்கு மூட்டுவாதம், இவருக்கு ஒரு நாய், இவர் தீர்ப்புச் சொல்கிறார், அவ்வளவுதான். பருத்தித்துறைத் தபால் கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்த சிற்றம்பலம் சிற்சபேசன் எங்கே, ஹார்ட்முட் பிரென்னர் எங்கே. நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது, குட்ரூன் "அசையாதீர்கள்" என்கிறாள். மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி, நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரயிலில் மேற்குப் பக்கம் ஏறி வந்தவன், வுப்பெர்ட்டால் நாடக அரங்கின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினவன், ஒருநாள் தட்டு ஏந்தி வருகிற வேலைக்காரனாக நடிப்பவனுக்குக் காய்ச்சல் என்றதும், நீ கழுவுகிற தட்டைத்தானே ஏந்தப் போகிறாய், வா என்று மேடையில் தள்ளிவிடப்பட்டவன். அந்தத் தட்டை நான் ஏந்திய மாதிரி இந்த நாட்டில் ஒருத்தனும் ஏந்தியிருக்கமாட்டான். பிறகு என்னென்ன ஆனேன். பாரசீகக் கம்பள வியாபாரி, ஆப்கானிஸ்தான் அகதி, சிசிலியில் ஐஸ்கிறீம் விற்பவன், எகிப்தியப் பேராசிரியர், கேரளத்துப் பாதிரியார், மொரோக்கோத் துப்புக் கொடுப்பவன், பல்வலி மருந்துக்கு விளம்பரம் செய்த மகாராசா. தொலைக்காட்சியில் ஞாயிறு இரவுத் துப்பறியும் கதைகளில் எத்தனை முறை செத்தேன் என்று கணக்கில்லை, பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்துக்குள் போய்விடுவேன். டோர்ட்முண்டில் கலியாண வீட்டுக்குப் போனால் பந்தியில் யாராவது கேட்பார்கள், "அண்ணை, போன கிழமை நல்லாச் செத்தியள், என்ன, கொஞ்சம் வேளைக்குச் செத்திட்டியள்" என்று. சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் வானொலி நாடகத்தில் என்னை ஒருவராலும் கொல்ல முடியவில்லை. குரலுக்கு நிறம் கிடையாது. அங்கே நான் வடகடல் கப்பல்தலைவன், பவேரியாக் குடியானவன், மலையேறி, ஒருமுறை கடவுள். டப்பிங்கில் ஆங்கிலப் பிரபு ஒருவருக்கு வருடக்கணக்காக ஜெர்மன் குரல் நான்தான், அந்தக் குரலைக் காதலித்துக் கிழவிகள் கடிதம் எழுதினார்கள். ஒன்றையும் சின்ன வேஷம் என்று தள்ளவில்லை. கம்பளக்காரனுக்கும் ஒரு நடை வைத்தேன், ஐஸ்கிறீம்காரனுக்கும் ஒரு இருமல் வைத்தேன். பெருமைதான், மறைப்பானேன்.

அந்நிய வேஷத்தில் ஒரு வசதி இருந்தது. வசனம் மறந்தால் தமிழ். கதையிலேயே அடைப்புக்குள் போட்டிருப்பார்கள், தன் மொழியில் முணுமுணுக்கிறான் என்று, என்ன மொழி என்று எழுதினவருக்கும் தெரியாது. ஆப்கானிஸ்தான் அகதியாக எல்லைக் காவலன் காலைப் பிடித்து அழுகிற இடத்தில் நான் கண்ணீர் வடித்துக்கொண்டு என் மனைவி தவமலருக்குச் சொல்வதுபோலச் சொன்னது, "கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்புக் காணாது, தவம், உப்புக் காணாது" என்பது. இயக்குநர் வந்து கட்டிப்பிடித்தார், இவ்வளவு உண்மையான துயரத்தைத் தான் கண்டதில்லை என்றார். அது ஒளிபரப்பான ஞாயிறு இரவு ஜெர்மனி முழுக்க உள்ள தமிழ் வீடுகளில் சனம் உருண்டு உருண்டு சிரித்தது, தொலைபேசி நடுச்சாமம் வரை அடித்தது. கம்பளக்காரன் பேரம் பேசியதெல்லாம் யாழ்ப்பாணம் - பருத்தித்துறை பஸ் தரிப்பிடங்கள். ஜெர்மன் சொல் தொண்டையில் சிக்கினால் தமிழ் ஓடிவந்து கைகொடுக்கும், ஒருத்தனுக்கும் தெரியாது. பிரென்னருக்கு அந்தக் கதவு இல்லை. பிரென்னர் நின்றால் நின்றதுதான். இவ்வளவு காலமும் கேட்டுக் கேட்டு, கடைசியில் கிடைத்த வேஷம் இது, வந்த ஊர் இல்லாத வேஷம், இதில் போய் ஒரு சொல்லில் தட்டுப்பட்டு விழுந்தால். அந்தக் கை. கதவு தானாகப் பூட்டிக்கொள்வதில்லை, ஒரு கை அதைப் பூட்டியது, அந்தக் கை. பார், இப்போதும் நிற்கிறது. மனதுக்குள் ஓட்டினாலும் நிற்கிறது.

வீட்டில் ஒருநாளும் நின்றதில்லை. அதுதான் விளங்கவில்லை. தவமலரும் நானும் குசினியில் இருந்து எத்தனை பின்னேரம் இதை ஓட்டியிருக்கிறோம், ஒருமுறைகூடத் தட்டுப்படவில்லை. அவள்தான் என்றைக்கும் எனக்கு மற்ற எல்லோரும். கொலைகாரன் அவள், பொலிஸ் அவள், என்னை விட்டுவிட்டு ஓடுகிற வெள்ளைக்காரக் காதலியும் அவள். வெண்டிக்காய் வெட்டிக்கொண்டே கதைப்பிரதியைப் பார்த்து வாசிப்பாள், அவள் ஜெர்மன் படித்ததே அப்படித்தான், அதனால் ஆரம்பத்தில் கடைக்காரியிடம் போய் மிரட்டுகிற குரலில் தக்காளி கேட்டிருக்கிறாள். இந்தக் கதையில் அவள் வழக்கறிஞர், அவள் குற்றவாளி ஆல்பிங், அவள்தான் மண்டபம் முழுவதும். தொடக்கத்தில் நான் கோவையைத் திறந்து வைத்து, மக்களின் பெயரால், என்பேன். இந்த நாட்டில் தீர்ப்பு அப்படித்தான் தொடங்கும், அந்த இடத்தில் மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும், கதையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவள் கதிரையைத் தள்ளிவிட்டு, மேசையில் கையூன்றி எழும்புவாள். முழங்கால் தேய்ந்துபோய் வைத்தியர் படி ஏறவேண்டாம் என்று சொன்ன மனுசி. "நீர் இரும், தவம், இது பழக்கம்தானே" என்றால், "நான் எழும்பாட்டால் அது தீர்ப்பில்லை. நீங்கள் சொல்லுங்கோ" என்பாள். நான் தண்டனையை வாசித்து முடித்து, உட்காருங்கள் என்ற பிறகுதான் இருப்பாள். அதன்பிறகு நான் கோவையை மூடிவிட்டு ஆல்பிங்கின் கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும், அதுதான் இந்த நீள வசனம், அவனுடைய சலவைத் தொழிற்சாலையில் இரவு வேலையில் தீயில் செத்த பெண்களைப் பெயர் சொல்லிச் சொல்லி, அவர்கள் என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது வரைக்கும் சொல்லி, கதவுக்கு வருவது. இன்று காலை படப்பிடிப்புக்கு வெளிக்கிடும்போது குசினி வாசலில் நின்றபடியே ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அந்தக் கை என்றேன். நின்றது. அவளுக்கு முன்னால் நின்றது அதுதான் முதல்முறை. அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "உங்களுடையது" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தாள், பிறகு மேற்சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டாள், நானே பூட்டத் தெரியாதவன்போல. பிறகு என் இடது தோளுக்கு மேலாக மூன்று முறை தூ தூ தூ என்றாள். நாடகக்காரர் ஒருவருக்கொருவர் செய்வது இது, தோய் தோய் தோய் என்பார்கள், நம்முடைய கண்ணூறு கழிக்கிற துப்பல் மாதிரியேதான். ஆனால் பதிலுக்கு நன்றி சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது. அப்படியே இவளுக்கு ஒரு நன்றி சொல்லாமல் இவ்வளவு காலம் ஓடிவிட்டது.

அந்தப் பார்வையை நான் முன்பும் கண்டிருக்கிறேன். லோரென்ஸ் கிராபோவை எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். பெரிய நடிகர், அவர் மேடையில் மூச்சு விட்டால் கடைசி வரிசையில் இருப்பவனுக்குக் குளிரும். ஒருநாள் அரசனாக நின்று கட்டளை சொல்லவேண்டிய இடத்தில் அப்படியே நின்றார். வசனம் எடுத்துக் கொடுப்பவள் முன்வரிசையில் இருந்து உதட்டை அசைத்தாள், பிறகு சத்தமாகவே சொன்னாள். அவர் சபையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் பெயர் லோரென்ஸ் கிராபோ, கடைசி டிராம் போய்விட்டதா என்று கேட்டார். நான் அவருக்குப் பின்னால் ஈட்டியோடு நின்றேன். சபை சிரித்தது, நகைச்சுவை என்று நினைத்தது. அதற்குப் பிறகு அவர் மேடைக்கு வரவில்லை. அவருக்கும் இப்படித்தான் தொடங்கியிருக்குமோ, ஒரு சொல்லில், பாலர் வகுப்புச் சொல்லில். இன்றைக்கு உங்களுடையது, நாளைக்கு வீட்டு இலக்கம், அதற்கடுத்த நாள் தவமலரின் பெயர். சீ, போதும். சிற்சபேசா, பயப்படுகிறவன் நீதிபதி அல்ல. கிராபோ மறந்தது தன்னை. நீ மறந்தது ஒரு சொல். ஆனால் ஏன் இந்தச் சொல், ஏன் இந்த இடம். அங்கி காரணமோ. அங்கியைப் போட்டதும் அந்த மற்ற மண்டபம் வந்து விடுகிறது, அது உண்மை. எங்கள் அகதி வழக்கு. எங்களுக்கு முன்னால் மெலிந்த ஒரு மனிதர், இதே கறுப்பு அங்கி, தடித்த கண்ணாடி, அவர் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. மக்களின் பெயரால் என்றார், எல்லோரும் எழும்பினார்கள், நாங்களும் எழும்பினோம். மொழிபெயர்க்க வந்த தமிழ்ப் பெடியன் எங்கள் காதுக்குள் "சனத்தின்ரை பேரிலை" என்றான். தவமலர் "எந்தச் சனம்?" என்று கேட்டாள். எங்களை இருக்கவிடுகிறார்கள், திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று தீர்ப்பு. உட்காருங்கள் என்றார் நீதிபதி, எல்லோரும் உட்கார்ந்தார்கள், இவள் மட்டும் நின்றாள். நான் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தும் நின்றாள். நீதிபதி கையைக் காட்டினார், அப்போதும் நின்றாள், அவர் காரணங்களையெல்லாம் வாசித்து முடித்துக் கதவால் வெளியே போகும்வரை நின்றாள். பஸ் தரிப்பில் ஏன் என்று கேட்டேன். "கதிரையிலை இருந்தால் மனம் மாத்திப் போடுவினம் எண்டு பயமாக் கிடந்தது" என்றாள். அந்த மனிதரின் குரலில்தான் நான் பிரென்னரைப் பேசுகிறேன், அது ஹென்ரிக்கவுக்குத் தெரியாது. அந்தத் தணிந்த குரல், சொல்லுக்குச் சொல் விடுகிற இடைவெளி. ஆனால் அவர் எங்கும் நிற்கவில்லையே. அவருக்கு அடுத்த சொல் இருந்தது.

வெளியே நடைகூடத்தில் யாரோ விசிலடிக்கிறான். விளக்கு வேலைப் பெடியன், கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஒரே சுருதியில் நீட்டி இழுக்கிறான். குட்ரூனின் கை என் புருவத்தில் அப்படியே நின்றது. இவள் நாடக அரங்கில் பழுத்தவள், மேடைப்பக்கம் விசிலடித்தால் நாடகம் படுத்துவிடும் என்று நாடகக்காரர் நம்பிக்கை, இவளுக்கு அது வேதம், படப்பிடிப்புக் கூடத்துக்கு வந்தும் விடவில்லை. தூரிகையை வைத்துவிட்டு எழுந்து போனாள். கதவைத் திறந்து, "இது ஒன்றும் ரயில் நிலையமில்லை, உன் வாயை வீட்டில் போய் ஊது" என்று சத்தம் போட்டாள். விசில் நின்றது. திரும்பி வந்து, கதிரையை இழுத்து உட்கார்ந்து, தூரிகையை எடுத்து, "ம், சொல்லுங்கள், என்ன யோசனை" என்றாள். "உங்களுடையது" என்றேன். நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. குட்ரூன் தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி, "என்னுடையது எது?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒட்டின புருவம் துடிக்கச் சிரித்தேன், அவள் திட்டத் திட்டச் சிரித்தேன். "குக்கர்" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம்.

குக்கர்தான். வேறொன்றுமில்லை. பின்னேரம் பருப்பை அடுப்பில் வைத்து, தீயைக் கூட்டிவிட்டு, வந்து கதிரையில் இருந்து, "தொடங்குங்கோ" என்பாள். மக்களின் பெயரால். எழும்புவாள், இருப்பாள். நான் செத்த பெண்களின் பெயரையெல்லாம் சொல்லி, கதவுக்கு வந்து, கதவு தானாகப் பூட்டிக்கொள்வதில்லை என்று சொல்லி, ஒரு கை அதைப் பூட்டியது, அந்தக் கை, என்கிறபோது அது அலறும். நாளுக்கு நாள் அதே பருப்பு, அதே அடுப்பு, அதே வேகம், ஒருநாளும் தப்பாது. எங்கள் சின்னக் குசினிக்குள் அந்தச் சத்தத்தில் கதைக்க ஏலாது, நான் நிறுத்துவேன். அவள் முழங்காலில் கைவைத்து எழும்பி, தீயைக் குறைத்துவிட்டு, திரும்பி வந்து, கதைப்பிரதியை எடுத்து, "ம், சொல்லுங்கோ" என்பாள். உங்களுடையது என்பேன். நான் மனப்பாடம் பண்ணினது வசனத்தை மட்டுமில்லை, விசிலையும் சேர்த்துத்தான். மாடு படலையில் நின்றது பழக்கத்தில், நோயில் இல்லை. ஏன் இதற்கு முன்னால் இப்படி ஒன்று நடக்கவில்லை என்று கேட்டால், நாடகங்களை ஆட்களோடு ஒத்திகை பார்த்துப் பழகினேன், வானொலிக்குத் தாளைப் பார்த்து வாசித்தேன். குசினியில் படித்ததெல்லாம் தொலைக்காட்சி வேஷங்கள், அதில் குக்கர் விசிலடிக்கும்வரை நான் உயிரோடிருந்த வேஷம் ஒன்றுகூட இல்லை. இதுதான் முதல். நினைக்க நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது, கண்ணும் கலங்குகிறது, குட்ரூன் பஞ்சால் ஒற்றுகிறாள். முதல் விசிலைத் தாண்டிவிட்டேன், தவம். ஆனால் இப்போது என்ன செய்வது. காரணம் தெரிந்தால் போதுமா, மாட்டுக்குக் காரணம் சொன்னால் நடக்குமா. மண்டபத்துக்குள் குக்கரைக் கொண்டுபோக ஏலாது. கூப்பிட்டுவிட்டார்கள். அங்கியை மாட்டிவிட்டார்கள். நடைகூடத்தில் ஹென்ரிக்க நிற்கிறாள், கையில் சின்னப் பெட்டி, அதற்குள் அந்தக் காதுக்கருவி, மறைக்கவுமில்லை, நீட்டவுமில்லை. "ஃபாபியானும் தயாராக இருக்கிறார்" என்றாள். நான் அவள் தோளைத் தட்டினேன். "ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் நின்றால் நிறுத்தவேண்டாம். எவ்வளவு நேரம் நின்றாலும் கட் சொல்லவேண்டாம்." என் முகத்தைப் பார்த்தாள். லோரென்ஸ் கிராபோவைத் தேடுகிறாளோ என்று ஒரு கணம் பயந்தேன். "இந்த ஒருமுறை" என்றாள்.

விளக்கு சுடுகிறது. மண்டபம் அட்டையாலும் மரத்தாலும் செய்தது, ஆனால் வாங்குகளுக்கு மெழுகு போட்டிருக்கிறார்கள், வாசனை அப்படியே அந்த மற்ற மண்டபத்து வாசனை. கோவையைத் திறந்தேன். மக்களின் பெயரால். கதிரைகள் இழுபட்டன, எல்லோரும் எழுந்து நின்றார்கள், வக்கீல்கள், பொலிஸ்காரர், ஆல்பிங், பின்வாங்கில் கறுப்புச் சட்டை போட்ட பெண்கள், என் இரு பக்கத்திலும் நீதிபதிகள், ஃபாபியானும். யாருக்கு முன்னால் எழும்புகிறார்கள் என்று நினைத்தேன், எனக்கு முன்னாலா, அங்கிக்கு முன்னாலா, அந்த மெலிந்த மனிதருக்கு முன்னாலா. எந்தச் சனம். இந்தச் சனம்தான், தவம். தண்டனையை வாசித்தேன். உட்காருங்கள் என்றேன். கோவையை மூடினேன். ஆல்பிங்கைப் பார்த்துப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினேன், இன்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் வந்தது, ஒருத்தி ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள், ஒருத்தி சோறு, சோறு என்கிற இடத்தில் குரல் கொஞ்சம் தடுக்கியது, தடுக்கட்டும் என்று விட்டேன். தீ வந்தபோது கதவு பூட்டியிருந்தது என்று சொன்னீர்கள். கதவு தானாகப் பூட்டிக்கொள்வதில்லை. ஒரு கை அதைப் பூட்டியது. அந்தக் கை. நின்றது. நிற்கும் என்று தெரியும், வா என்றே காத்திருந்தேன். பக்கத்தில் ஃபாபியானின் உதடு அசையப் பார்த்தது, நான் திரும்பவில்லை, ஆல்பிங்கின் கண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஹென்ரிக்க கட் சொல்லவில்லை. தொண்டை வரைக்கும் தமிழ் வந்து நின்றது, பழக்கதோஷம், எந்தத் தமிழ் என்று தெரியவில்லை, பஸ் தரிப்பிடமோ கத்தரிக்காயோ, நன்றி, நீ போய் இரு என்று விழுங்கினேன். பிறகு அது வந்தது. எங்கள் குசினிக்குள் நீட்டி அலறியது, ஆவி ஜன்னலில் படிந்தது, பருப்பு மணத்தது. அவசரப்படுத்தவில்லை, முழுவதும் அடித்து முடியட்டும் என்று விட்டேன். அவள் முழங்காலில் கைவைத்து எழும்பினாள். நடந்தாள். திருகினாள். திரும்பி வந்தாள். இருந்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். ம், சொல்லுங்கோ. "உங்களுடையது" என்றேன். தணிந்த குரலில்தான் சொன்னேன். ஆல்பிங்காக நடிப்பவர் முப்பது வருட நடிகர், அவர் தன்னை அறியாமல் தன் கைகளை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். அது கதையில் இல்லை. மிச்சப் பக்கம் தண்ணீர் மாதிரி ஓடியது.

கட் என்ற பிறகும் யாரும் எழும்பவில்லை. ஃபாபியான் மட்டும் என் பக்கம் திரும்பி, அங்கிக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்து அமத்தினான், நல்ல பெடியன், நான் அவனை நேற்று நினைத்தது பிழை. ஹென்ரிக்க வந்தாள், பெட்டியை எங்கேயோ வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். "அந்த மௌனம். மற்றக் கேமராவுக்கும் வேண்டும். அதே நீளத்தில் திரும்ப வருமா?" என்று கேட்டாள். "வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் வரும்" என்றேன். வந்தது. ஒவ்வொரு டேக்கிலும் தவமலர் எழும்பி, நடந்து, தீயைக் குறைத்துவிட்டு வந்து இருந்தாள், ஒரு நொடி பிசகவில்லை. மதிய இடைவேளையில் அங்கியோடு வெளியே வந்து சுவரோரம் நின்று அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள், கையிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

"வந்ததோ?"

"வந்தது. உம்முடைய குக்கருக்குள்ளதான் இவ்வளவு நாளும் கிடந்திருக்கு." விசில் கதையைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை, பிறகு சிரித்தாள், சிரிப்பு இடையில் கொஞ்சம் வேறு மாதிரியாகி மூக்கை உறிஞ்சினாள். "நான் காலமை பயந்துபோனன்" என்றாள். "நானும்தான்" என்றேன். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன், நாளைக்கும் படப்பிடிப்பு இருப்பது நினைவுக்கு வந்தது, விழுங்கிவிட்டேன்.

"அது கிடக்கட்டும். நீங்கள் சொல்லேக்கை எல்லாரும் எழும்பினவையோ?"

"எழும்பினவை."

"கடைசி வாங்கிலை இருந்தவையும்?"

"எல்லாரும்தான், தவம். ஒருத்தர் மிச்சமில்லை."

பிறகு தொலைபேசிக்குள் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.

"சரியப்பா" என்றாள். "அப்ப நான் இனி இருக்கிறன்."